மோனிஷா வாசித்த கடிதம்

நவசந்நியாச இல்லம்
9 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மோனிக்கும் அருள்செல்வன் எழுதுவது. ஆண்டவர் தயவில் சுகமாக இருக்கிறேன். நீங்கள் மூவரும் சுகமா? அப்பா பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

வந்த அன்றே கைபேசியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அடுத்த மே மாதம் துறவற உறுதிமொழியான முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும்வரை கிடையாது. வீட்டுக்கு அவ்வப்போது கடிதம் எழுதலாம். போகிற கடிதத்தையும் வருகிற கடிதத்தையும் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் சாமி படித்துப் பார்ப்பார். மோனி, உடனே மூக்கைச் சுளிக்காதே. துறவுக்கு ஆயத்தம் செய்யும் இந்த ஓர் ஆண்டுக்கு இங்கே அப்படித்தான் ஒழுங்கு. அவரும் நல்ல மனிதர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவரே கஞ்சி கொண்டுவந்தார்.

முதல் நாள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, ஏன் துறவியாக வந்தாய் என்று கேட்டார்கள். ஒருவன் கனவில் குரல் கேட்டது என்றான். ஒருவன் அனாதை இல்லத்தில் வேலை செய்தபோது தோன்றியது என்றான். நான் அம்மாவின் கதையைச் சொன்னேன். மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் கிடந்த என்னை நம் ஊர்க் கோயில் படியில் கிடத்தி, "பிழைச்சா உனக்கே தாறேன்" என்று அம்மா நேர்ந்துகொண்டதைச் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள்.

இங்குள்ள நூலகத்தில் புனிதர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. மோனி, நீ படிக்கிற புத்தகங்களைப் பற்றி எழுது. பன்னிரண்டாவது, நினைவிருக்கட்டும். அப்பாவின் கையெழுத்தில் ஒரு வரியாவது வேண்டும்.

உங்கள் ஜெபத்தை நாடும்,
அருள்செல்வன்


திருப்பூர்
7 ஜூலை 2024

அண்ணே, இயேசுவுக்குப் புகழ். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டே சொல்கிறாள். அவள் சொன்னது சொன்னபடி:

"எய்யா அருளு, நல்லாயிருக்கியா? வேளைக்குச் சாப்பிடுதியா? குளிருக்குக் காதக் கட்டிக்க. உன் லெட்டர வந்தன்னைக்கே பிரிக்கல. மாதா படத்துக்குப் பின்னால வச்சிருந்து, ஞாயித்துக்கிழம நம்ம வீட்டுல அன்பிய ஜெபக்கூட்டம் நடந்துச்சுல்லா, அங்கன வச்சித்தான் பிரிச்சேன். லைன் வீட்டுல இருக்க நம்ம வேதக்காரக் குடும்பம் அம்புட்டும் வந்திருந்தாவ. மோனிதான் வாசிச்சா. கோயில்ல வாசகம் வாசிக்கவ இல்லா, கணீர்னு இருந்துச்சு. அன்பியத் தலைவி அக்கா அழுதே போயிட்டாவ. இனிமே உன் லெட்டரு எல்லாம் கூட்டத்துலதான். எனக்குத்தான் எழுத்து தெரியாது, நாலு பேராவது கேக்கட்டும். அப்பா நிட்டிங் மிஷினுக்குப் போறாவ. டீக்கடப் பேப்பர விளம்பரம் வரைக்கும் வாசிச்சிட்டுத்தான் வீடு திரும்புதாவ. அந்த மனுசனுக்குப் பேப்பர் இருந்தா சோறு வேண்டாம்."

இனி நான் பேசுகிறேன். கடிதத்தில் என்னைத் திட்டி எதுவும் எழுதித் தொலைக்காதே, லைன் முழுக்கக் கேட்கும். உனக்குக் காய்ச்சல் வந்தது என்று வாசித்ததற்கே மூன்று பேர் உச்சுக் கொட்டினார்கள், ஒருத்தி சுக்குக் காப்பி வைக்கும் பக்குவம் சொன்னாள். உன் பக்கம் ஒரு சாமி படிக்கிறார், என் பக்கம் ஒரு தெருவே கேட்கிறது. நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒரு மூலைகூடக் கிடையாது.

பள்ளிக்கூட நூலகச் சாவியைச் சித்ராதேவி டீச்சர் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு முடித்ததும் சட்டம் படிக்கப் போகிறேன் என்றேன். "உன் வாய்க்கு அதுதாண்டி சரி" என்றார்கள். பாராட்டா, ஏச்சா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
வாயாடி மோனிஷா

நலம். நன்றாகப் படி. – அப்பா


நவசந்நியாச இல்லம்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள எல்லோருக்கும், தேவ ஆசீர் உங்கள்மேல் இருக்கட்டும். நான் சுகம். உங்கள் சுகம் அறிய ஆசை. அப்பாவின் ஒரு வரியை என் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை இரண்டு வரி எழுதினால் என்ன கெட்டுவிடும்?

இங்கே சமையல்காரர் முனீஸ் அண்ணன் உசிலம்பட்டிப் பக்கம். திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து வருடம் ஓவர்லாக் தைத்தவர். குழம்பு வைத்துக்கொண்டே "ஒரு பீஸ் டேமேஜ் ஆனா மொத்த லாட்டும் ரிஜெக்ட்டுடா தம்பி" என்பார். அவரிடம் பேசிக்கொண்டிருந்தால் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது.

ஜெப நேரத்தில் எனக்குத் தூக்கம் வருகிறது. மாஸ்டர் சாமி சிரித்துக்கொண்டே "ஆண்டவருக்கும் படகில் தூக்கம் வந்ததே" என்றார். தூக்கம் மட்டும் என்றால் பரவாயில்லை. மற்றதை நேரில் பேசலாம்.

மோனி, காலாண்டுத் தேர்வு எப்போது? சாவி கையில் இருக்கிறது, படிக்காமல் இருக்கமாட்டாய் என்று தெரியும். அம்மா, நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அருள்


திருப்பூர்
8 செப்டம்பர் 2024
மாதா பிறந்தநாள்

அண்ணே, மாதா உன்னைக் காப்பாற்றட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று முதலில் எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன்.

"எய்யா, உன் லெட்டரு கூட்டத்துல வாசிச்சாச்சு. படகுல ஆண்டவரு தூங்குனத எல்லாரும் ரசிச்சாவ. அப்பாவுக்கு ஆர்டர் நெருக்கடி, ரெண்டு ஷிப்டும் பாக்காவ, அதான் இந்தத் தடவ எழுதல. நீ எதையும் மனசுல போட்டுக் குழப்பிக்காத. குடுத்தது குடுத்ததுதான். கலப்பையில கை வச்சவன் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு வேதத்துலயே இருக்குல்லா."

நான் சொல்ல அதிகமில்லை. காலாண்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நிறையப் புத்தகம் படிக்கிறேன். எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாத அளவுக்குப் படிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

மோனிஷா


திருப்பூர்
9 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய சித்ராதேவி டீச்சருக்கு வணக்கம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். எங்கள் வகுப்புத் தேஜஸ்ரீயிடம் கொடுத்தனுப்பிய சீட்டு கிடைத்தது. ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பொய் சொல்லிச் சொல்லி வாய் கசந்துவிட்டது டீச்சர், உங்களிடமாவது உண்மையை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் மாதம் மிஷின் பக்கத்தில் நின்றபடியே அப்பா சரிந்து விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் போய்விட்டது. "ஆ" என்ற ஒரு சத்தம்தான். புத்தியில் குறையில்லை. பேப்பரைக் கண் முன்னால் பிடித்தால் இப்போதும் விடாமல் படிக்கிறார், பக்கத்தைத்தான் நான் திருப்ப வேண்டும். அம்மா காலையில் அவரைப் பார்த்துக்கொள்கிறாள், மதியத்துக்கு மேல் பவர் டேபிளில் தைக்கப் போகிறாள். நான் ஒரு கம்பெனியில் செக்கிங். பனியனில் ஓட்டை, கறை பார்த்துப் பிசிறு வெட்டும் வேலை. ஓனர் ஈஸ்வரமூர்த்தி பொங்கலூர்க்காரர். "ஏனுங் கண்ணு, பன்னெண்டாவத முடிச்சுப்போட்டு வந்திருக்கலாமுல்ல? செரி, அப்பனுக்கு இப்பிடி ஆகிப்போச்சு, நீயுந்தான் என்ன பண்ணுவ" என்று அவரே கேள்வியும் கேட்டு அவரே பதிலும் சொன்னார்.

அண்ணனுக்கு எதுவும் தெரியாது, அவனுக்குத் தெரியவிடக் கூடாது என்று அன்பியத்தில் எல்லோரிடமும் அம்மா சொல்லிவைத்திருக்கிறாள். தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பான். வந்தால் அவன் துறவு ஆண்டு முறிந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். "குடுத்தத திருப்பிக் கேட்டா சாமி சும்மா விடுமா?" என்கிறாள். அவனிடம் சொல்லமாட்டேன் என்று பைபிள் மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வைத்தேன்.

நூலகச் சாவியை இத்துடன் அனுப்புகிறேன். என் பெயரை மட்டும் உடனே அடித்துவிடாதீர்கள் டீச்சர்.

தங்கள் மாணவி,
ச. மோனிஷா


20 அக்டோபர் 2024

மோனி, இதைச் சத்தமாக வாசிக்காதே.

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். வீட்டுக்கு எழுதினால் அன்பியத்தில் வாசித்துவிடுவீர்கள் என்பதால் உன் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன். முனீஸ் அண்ணன் வெளியே தபாலில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டார். மாஸ்டர் சாமி படிக்காத முதல் கடிதம் இது.

முதல் நாள் வட்டமாக உட்காரவைத்துக் கேட்டார்கள் என்று எழுதினேன் அல்லவா? அன்றிலிருந்து அது என்னைத் தின்கிறது. எல்லோருக்கும் சொல்ல அவரவர் கதை இருந்தது. என்னிடம் அம்மாவின் கதைதான் இருந்தது. கடவுள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் என்னைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அம்மாதான் கூப்பிட்டாள். கோயிலில் கண்ணை மூடினால் அப்பாவின் நிட்டிங் மிஷின் ஓடும் சத்தம்தான் கேட்கிறது. விடுமுறையில் அப்பாவோடு போய் அங்கே நின்ற இரண்டு மாதத்தில் நூல் அறுந்தால் காதாலேயே கண்டுபிடித்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடம் சொல்ல?

மே மாதத்துக்கு முன்னால் வந்துவிடவா? இங்கே யாரும் கட்டிப்போட்டு வைக்கவில்லை. போகிறேன் என்றால் மாஸ்டர் சாமியே பஸ் ஏற்றிவிடுவார். அம்மாவை நினைத்தால்தான் கால் வரவில்லை. அவள் தாங்குவாளா, நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நடப்பாளா என்று உனக்குத்தான் தெரியும். நீ பக்கத்தில் இருக்கிறாய். நீ சொன்னால் இருக்கிறேன், நீ சொன்னால் வருகிறேன்.

பதிலை முனீஸ் அண்ணன் வீட்டு முகவரிக்கு எழுது, பின்னால் குறித்திருக்கிறேன். அப்பா ஏன் எழுதுவதில்லை? என் மேல் கோபமா? நீ நன்றாகப் படி. வீட்டில் ஒருத்தியாவது தனக்குப் பிடித்ததைப் படிக்க வேண்டும்.

உன் அண்ணன்


6 நவம்பர் 2024

அன்பு மோனிஷாவுக்கு, அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் பெயருக்குப் பள்ளிக்கு வந்த கடிதத்தைத் தேஜஸ்ரீயிடம் கொடுத்தனுப்புகிறேன். தீபாவளி விடுமுறையில் அலுவலகத்தில் கிடந்திருக்கிறது. அவசரமாக இருந்துவிடக் கூடாதே என்று கவலையாக இருக்கிறது.

உன் பெயரை நான் அடிக்கவில்லை. டிசம்பர் கடைசிக்குள் வந்துவிட்டால் பொதுத்தேர்வுப் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன். அதற்கு மேல் என் கையில் இல்லை. சாவி உன் ஆணியில்தான் தொங்குகிறது.

அன்புடன்,
சித்ராதேவி


திருப்பூர்
11 நவம்பர் 2024

அண்ணே, நீ சுகமா? இங்கே யாரும் சுகமில்லை. பைபிள் மேல் செய்த சத்தியத்தை மீறி எழுதுகிறேன். நரகம் என்று ஒன்று இருந்தால் அங்கேயும் செக்கிங் வேலைக்கு ஆள் வேண்டியிருக்கும், பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு ஆகஸ்ட் மாதம் பக்கவாதம் வந்துவிட்டது. வலது பக்கம் வராது, பேச்சு இல்லை. அவர் உனக்கு எழுதாததற்கு அதுதான் காரணம், கோபமெல்லாம் இல்லை. நான் அப்போதே பள்ளியை விட்டுவிட்டேன். நிறையப் புத்தகம் படிக்கிறேன் என்று எழுதியது பொய். நான் இப்போது படிப்பதெல்லாம் பனியன் கழுத்து லேபிள்தான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா கட்டிப்போட்டுவிட்டாள்.

நான் பள்ளியில் இல்லை என்பது உனக்குத் தெரியாதே. தேஜஸ்ரீ உன் கடிதத்தைக் கொண்டுவந்தபோது நான் கம்பெனியில் இருந்தேன். அம்மா வாங்கியிருக்கிறாள். உன் கோழிக்கிறுக்கல்தான் அவளுக்கு நன்றாகத் தெரியுமே! எப்போதும்போல மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். என்னிடம் மூச்சு விடவில்லை. நேற்றுக் கூட்டம் நம் வீட்டில். செபமாலை முடிந்ததும் உறையை எடுத்து, "இந்தா மோனி, உங்கண்ணன் லெட்டரு. பள்ளிக்கூடத்துக்கு எழுதியிருக்கான் பாரு, கிறுக்குப்பய" என்று சிரித்துக்கொண்டே கையில் கொடுத்தாள்.

பிரித்தேன். முதல் வரியே சத்தமாக வாசிக்காதே என்று இருக்கிறது.

அறை நிறைய ஆட்கள். தலைவி அக்கா முந்தானையைத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா என் பக்கத்து நாற்காலியில். ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார் என்று எப்போதும் நான்தான் ஒட்டி உட்காருவேன். நான் இரண்டாவது வரியைப் பார்த்தேன், மூன்றாவது வரியைப் பார்த்தேன், அடிவரைக்கும் கண்ணை ஓட்டினேன். "என்னட்டி, வாசி" என்றாள் அம்மா. வாசித்தேன் அண்ணே. தாளில் இல்லாததை வாசித்தேன்.

"அன்புள்ள அம்மா, மே மாதம் வார்த்தைப்பாடு கொடுக்க என் மனம் ஆயத்தமாக இருக்கிறது. சிறுவயதில் நீ கொடுத்த பிள்ளை இப்போது தானாகவே தன்னைக் கொடுக்கிறான்" என்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கோயிலில் வாசகம் வாசித்த பழக்கம், குரல் தானாக ஏறி இறங்கியது. எல்லோரும் அழுதார்கள். அம்மா எழுந்து வந்து அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

ஒரு ஆசையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். "மோனிஷா பள்ளிக்குப் போகட்டும் அம்மா" என்று நீ எழுதியதாக ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அவ்வளவு பேர் முன்னால் உன் பேச்சை அம்மா தட்டமாட்டாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் படிக்கத் தெரியுமே! நான் வாயால் சொன்னதையும் கேட்டார், நீ எழுதியதையும் படித்தார். இடது கையைத் தூக்கி "நீ சொன்னால் வருகிறேன்" என்ற இடத்தில் விரலை வைத்து அழுத்தி, "ஆ, ஆ" என்றார். கண்ணீராகக் கொட்டியது. "மகன் லெட்டரக் கேட்டு மனுசன் உருகிட்டாவ பாரு" என்றார்கள் எல்லோரும்.

நீ கேட்டதற்குப் பதில்: வா. அம்மா ஆடுவாள், அழுவாள், ஊர் நாலு நாள் பேசும். தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? டிசம்பருக்குள் வந்தால் எனக்குப் பரீட்சை எழுத வழி இருக்கிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் எனக்காக வராதே. உனக்கு அங்கே வேலை இல்லை என்பதற்காக வா. அப்பாவின் மிஷின் இன்னும் ஆள் இல்லாமல்தான் நிற்கிறதாம்.

நேற்றுக் கூட்டத்தில் நான் சொன்னதை நம்பிவிடாதே. அது நானும் இல்லை, நீயும் இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மோனி


நவசந்நியாச இல்லம்
22 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மா, அப்பா, மோனி மூவருக்கும் கிறிஸ்து பிறப்பின் சமாதானம் உண்டாகட்டும். நான் சுகம். இந்த வருடம் குடிலுக்கு நான்தான் கூரை வேய்ந்தேன்.

நம் அன்பியத்திலிருந்து தலைவி அக்கா எழுதிய வாழ்த்துக் கடிதம் போன மாதம் வந்தது. மாஸ்டர் சாமி அதை உணவறையில் எல்லோருக்கும் கேட்க வாசித்தார். "நீ கொடுத்த பிள்ளை இப்போது தானாகவே தன்னைக் கொடுக்கிறான்" என்று நான் எழுதியிருந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மோனியிடம் ஒரு காரியத்தில் யோசனை கேட்டிருந்தேன். அவள் பதில் அந்த வரியிலேயே கிடைத்துவிட்டது. வேறு பதில் இருந்தால் எந்த வழியிலாவது வரும் என்று பல நாள் வாசலைப் பார்த்தேன், வரவில்லை. வீட்டு நிலைமை அவளுக்குத்தான் தெரியும், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவள் வாசித்தபடியே ஆகட்டும். மே மாதம் வார்த்தைப்பாடு கொடுக்கிறேன் என்று மாஸ்டர் சாமியிடம் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். இப்போது மனதில் சத்தம் எதுவும் இல்லை.

முனீஸ் அண்ணன் மகள் பிரசவத்துக்கென்று அக்டோபர் கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊருக்குப் போனார், திரும்பவே இல்லை. நாங்களே முறை வைத்துச் சமைக்கிறோம். என் முறை வரும் நாளில் எல்லோரும் நோன்பு இருக்கிறார்கள்.

அப்பாவின் ஷிப்ட் நெருக்கடி இன்னுமா தீரவில்லை? மோனி அரையாண்டு எப்படி எழுதினாள்? பொதுத்தேர்வு நெருங்குகிறது, அவளை வீட்டு வேலை செய்யச் சொல்லாதே அம்மா.

உங்கள் பிள்ளை,
அருள்செல்வன்


திருப்பூர்
5 ஜனவரி 2025

அண்ணே, புது வருடம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். உன் கடிதம் இன்று கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. இந்தத் தடவை ஒரு எழுத்துகூட மாற்றாமல் வாசித்தேன். முனீஸ் அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வாசித்தேன். எனக்கு ஏன் குரல் நின்றது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது, அப்பாவைத் தவிர.

இப்போது எல்லோரும் போய்விட்டார்கள். அம்மா எதிரில் உட்கார்ந்து சொல்கிறாள்:

"எய்யா, என் வயிறு குளுந்து போச்சு. மே மாசம் லைன்ல இருக்க அம்புட்டுப் பேரும் வேன் பிடிச்சி வாறோம். அப்பா நல்லாயிருக்காவ, ஷிப்டுக்குப் போயிருக்காவ. மோனி அரையாண்டு நல்லா எழுதியிருக்கா. நீ எதுக்கும் கவலப்படாத."

~~அப்பா நலம். நான் அரையாண்டு நன்றாக எழுதினேன்.~~

மேலே நான் எழுதியதை அடித்திருப்பது நான் இல்லை. ஷிப்டுக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்ன ஆள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்த வரியை எழுதி முடித்ததும் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, இடது கையாலேயே குறுக்கே கோடு போட்டார். தாள் கிழிந்திருப்பதும் அதனால்தான். பிறகு பேனாவைக் கொடுக்கவில்லை. அடம்பிடித்து, வேர்த்து வழிந்து, இந்த இரண்டு வரியையும் அவரே எழுதினார்.

பொய்
ஏல வந்துரு

"என்னட்டி எழுதுதாவ?" என்று அம்மா கேட்டாள். "ஆசீர்வாதம்னு எழுதியிருக்காவம்மா" என்றேன். அவள் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஆகஸ்ட்டில் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. நான் ஆகஸ்ட்டிலிருந்து கம்பெனியில். பரீட்சைப் பட்டியலில் என் பெயர் இல்லை, கெடு போன வாரமே முடிந்துவிட்டது. ஆகவே எனக்காக நீ செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. உன் கேள்விக்கு நவம்பரிலேயே பதில் எழுதினேன், அது ஒரு பூட்டின வீட்டுக்குள் கிடக்கிறது. அதில் நான் எழுதியதும் அப்பா எழுதியதும் ஒன்றுதான்.

மாஸ்டர் சாமிக்குத் தோத்திரம். இதை முதலில் நீங்கள்தான் படிப்பீர்கள் என்று தெரியும். எங்கள் அன்பியத்துக் கடிதத்தை உணவறையில் எல்லோருக்கும் வாசித்தீர்களாமே. அந்த வரி என் அண்ணன் எழுதியது இல்லை சாமி, நான் வாய்க்கு வந்தபடி சொன்னது. இதைத் தயவுசெய்து அவனிடம் கொடுங்கள். கொடுக்க மனம் வராவிட்டால் நீங்களே அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்ததுபோல வாசித்துவிடாதீர்கள். தாளில் இருப்பதை அப்படியே வாசியுங்கள்.

அம்மா வந்துவிட்டாள்.

மோனிஷா